மீனில் பாதரசம்: அந்த 0.1 மைக்ரோகிராம் எங்கிருந்து வந்தது?

கேள்வியைச் சுருக்கமாகத் திருப்பிச் சொல்லிவிடுகிறேன். உங்கள் தங்கை ஐந்து மாதம் முழுகாமல் இருக்கிறாள், வீட்டில் வாரத்துக்கு மூன்று நாள் மீன். மெத்தில் பாதரசம் (மீனில் சேரும் பாதரச வடிவம்) உடல் எடையில் கிலோவுக்கு ஒரு நாளைக்கு 0.1 மைக்ரோகிராம் தாண்டக் கூடாது என்று அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை சொல்வதைப் படித்திருக்கிறீர்கள். அந்த எண்ணை எதை வைத்து முடிவு செய்தார்கள், எலிக்குக் கொடுத்துப் பார்த்த கணக்குத்தானே, தாண்டிவிட்டால் குழந்தைக்குப் பாதிப்பு நிச்சயமா என்று கேட்கிறீர்கள்.

முதலில் எலி விஷயம். பெரும்பாலான ரசாயனங்களுக்கு நீங்கள் சொன்னது சரிதான், எலியில் பார்த்துத்தான் மனிதனுக்குக் கணக்கிடுகிறார்கள். மெத்தில் பாதரசத்துக்கு அப்படி இல்லை. இந்த எண்ணுக்குப் பின்னால் இருப்பவர்கள் தாய்மார்களும் பிள்ளைகளும்.

1956-ல் ஜப்பானின் மினமாட்டாவில் நோய் அதிகாரபூர்வமாகப் பதிவானது. தொழிற்சாலைக் கழிவில் வந்த மெத்தில் பாதரசம் மீனில் ஏறி, அந்த மீனைத் தின்ற மீனவக் குடும்பங்களைத் தாக்கியது. அங்கே தெரியவந்த மிகக் கொடுமையான விஷயம், தனக்குப் பெரிதாக எந்த உபாதையும் இல்லாத தாய்க்கு மூளை கடுமையாகப் பாதிக்கப்பட்ட குழந்தை பிறந்தது. தாயின் உடம்பு தாங்கிய அளவை வயிற்றில் இருந்த கரு தாங்கவில்லை. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், மீதிக் கதை முழுக்க இதைச் சுற்றித்தான் போகிறது.

அடுத்தது இராக், 1971-72. விதைப்பதற்காகக் கொடுத்த கோதுமையிலும் பார்லியிலும் பூஞ்சை பிடிக்காமல் இருக்க மெத்தில் பாதரசம் கலந்த மருந்து பூசியிருந்தார்கள். தின்னாதே என்று மூட்டையில் எழுதியிருந்தது, ஆனால் அந்த விவசாயிகளுக்குத் தெரியாத மொழியில். சாயத்தைக் கழுவினால் விஷமும் போய்விடும் என்று நம்பி மாவாக்கி ரொட்டி சுட்டார்கள். உடனே எதுவும் ஆகவில்லை, இந்த விஷம் வாரக் கணக்கில் ஒளிந்திருந்துதான் வெளியே வரும். ஆஸ்பத்திரியில் சேர்ந்தவர்கள் மட்டும் 6,530 பேர், அவர்களில் 459 பேர் அங்கேயே இறந்தார்கள்.

பாதுகாப்பு முகமை 1985-ல் வைத்திருந்த எண் 0.1 அல்ல, 0.3. அதற்கு அடிப்படை பெரியவர்களுக்குக் கைகால் மரத்துப்போவது, ஊசி குத்துவது போன்ற அறிகுறிகள். அவை தென்பட்ட மிகக் குறைந்த அளவு கிலோவுக்கு நாளொன்றுக்குச் சுமார் 3 மைக்ரோகிராம் என்று கணித்து, பாதுகாப்புக்காக 10-ஆல் வகுத்தார்கள். பிறகு 1995-ல் அதே இராக் சம்பவத்தில் 81 தாய்-சேய் ஜோடிகளின் விவரத்தை எடுத்து, குழந்தை தாமதமாக நடந்ததா, தாமதமாகப் பேசியதா, வலிப்பு வந்ததா என்று பார்த்துக் கணக்கிட்டபோது 0.1 வந்தது. பாதரசம் மாறவில்லை, யாருடைய உடம்பு, எந்தத் தீங்கு என்ற கேள்வி மாறியது, எண் மூன்றில் ஒன்றாகிவிட்டது. எந்த ரசாயனத்துக்கு யார் ஒரு எண்ணைக் காட்டினாலும் நான் முதலில் கேட்பது இதைத்தான்: எந்தத் தீங்குக்கு, யாருடைய உடம்பில்?

இனி, அளவுக்கும் தீங்குக்கும் உள்ள தொடர்பைக் காட்டும் வளைகோடு. டோஸ்-ரெஸ்பான்ஸ் மாடலிங் என்று பெரிதாகச் சொல்கிறார்களே, அடிப்படை எளிமையானது. படுக்கைக் கோட்டில் உடம்புக்குள் போன அளவு, செங்குத்துக் கோட்டில் தீங்கு. நம்மிடம் இருக்கும் ஆட்களையோ விலங்குகளையோ புள்ளிகளாக வைத்து, அவற்றின் ஊடாக ஒரு கோடு வரைகிறோம். சிக்கல் எங்கே என்றால், புள்ளிகள் பெரும்பாலும் அதிக அளவுப் பக்கம் இருக்கும், நமக்கு விடை வேண்டியதோ குறைந்த அளவுப் பக்கம், அங்கே தீங்கு இருந்தாலும் ஆளுக்கு ஆள் இருக்கும் இயல்பான ஏற்ற இறக்கத்தில் அமுங்கிப்போகும் அளவுக்குச் சின்னதாக இருக்கும்.

பழைய முறையில் கோடே வரைய மாட்டார்கள். நாலைந்து அளவுகளில் கொடுத்துப் பார்த்து, தீங்கு எதுவும் தென்படாத உச்ச அளவு எதுவோ அதை எடுத்து, விலங்கிலிருந்து மனிதனுக்கு ஒரு பத்து, மனிதனுக்கு மனிதன் வேறுபடுவதற்கு ஒரு பத்து, ஆக நூறால் வகுப்பார்கள். அமெரிக்க உணவு மருந்து நிர்வாகத்தில் 1954-ல் எழுதிவைத்த பழக்கம் அது. அதில் எனக்கு உறுத்தும் குறை ஒன்று உண்டு. பத்து எலியை மட்டும் வைத்து அரைகுறையாகச் சோதனை செய்தால் தீங்கு கண்ணுக்குப் படாது, அதனால் "தீங்கு தெரியாத அளவு" பெரிதாக வரும். நூறு எலியை வைத்து ஒழுங்காகச் செய்தவனுக்குச் சின்ன எண் வரும். மோசமான ஆய்வுக்குப் பரிசு கிடைக்கிற ஏற்பாடு அது.

1984-ல் புள்ளியியலாளர் கென்னி க்ரம்ப் முன்வைத்த பெஞ்ச்மார்க் டோஸ் முறை இதைத் தலைகீழாக்கியது. எல்லாப் புள்ளிகளையும் சேர்த்துக் கோட்டை வரை. எவ்வளவு தீங்கை அடையாளமாக எடுத்துக்கொள்கிறாய் என்று முன்னாலேயே சொல், உதாரணமாகக் கூடுதலாக 5 சதவீதம் பேர். அந்தத் தீங்கு வரும் அளவைக் கோட்டில் படி. அப்புறம் அந்த அளவை அப்படியே எடுக்காதே, தரவின் தடுமாற்றத்துக்கு ஏற்ப அது எவ்வளவு கீழே இருக்கக்கூடும் என்று பார்த்து அந்தக் கீழ் எல்லையை எடு. சின்ன ஆய்வு, குழப்பமான தரவு என்றால் தடுமாற்றம் அதிகம், கீழ் எல்லை இன்னும் கீழே போகும். தெரியாததற்கு விலை கொடுக்க வேண்டியது ரசாயனம்தான், குழந்தை அல்ல. இந்த முறையை நான் மதிப்பதற்கு முக்கியக் காரணம் அதுதான்.

சரி, மீனுக்கு வருவோம். இராக் கணக்கில் ஒரு பெரிய ஓட்டை இருந்தது. அங்கே சில மாதங்களுக்குள் ரொட்டி வழியாக எக்கச்சக்கமான பாதரசம் உள்ளே போனது, மீன் தின்பவருக்கோ கொஞ்சம் கொஞ்சமாக ஆயுசு முழுக்கப் போகிறது. அதோடு பிறந்த தேதி பதிவில்லாத கிராமங்களில், குழந்தை எத்தனை மாதத்தில் நடந்தது என்பதைத் தாயின் ஞாபகத்திலிருந்துதான் எடுத்தார்கள். ஆகவே மீன் தின்னும் ஊர்களிலேயே பிறப்பிலிருந்து குழந்தைகளைத் தொடர்ந்து பார்க்கும் ஆய்வுகள் வந்தன. மூன்று பேசப்பட்டன: நியூசிலாந்து, செஷல்ஸ், நார்வேக்கும் ஐஸ்லாந்துக்கும் இடையில் இருக்கும் ஃபாரோ தீவுகள்.

ஃபாரோவில் 1986-87-ல் பிறந்த ஆயிரத்துச் சொச்சம் குழந்தைகளின் தொப்புள்கொடி ரத்தத்தில் பாதரசத்தை அளந்து வைத்துக்கொண்டார்கள், ஆய்வாளர் ஃபிலிப் கிராண்ட்ஜான் தலைமையில். அங்கே மீனும் உண்டு, ஆனால் பாதரசம் அதிகம் வருவது பைலட் திமிங்கில இறைச்சியில். ஏழு வயதில் சுமார் 900 பிள்ளைகளைச் சோதித்தபோது பாதரசம் கூடக்கூட ஞாபகம், கவனம், பேச்சு ஆகியவற்றில் மதிப்பெண் குறைந்தது. செஷல்ஸில் 1989-90-ல் ஆரம்பித்து 779 தாய்-சேய் ஜோடிகளைப் பார்த்தார்கள், அந்தத் தாய்மார்கள் வாரத்துக்குச் சராசரியாக 12 வேளை மீன் சாப்பிட்டவர்கள். அந்தப் பிள்ளைகளிடம் பாதிப்பு எதுவும் தென்படவில்லை. ஒரே விஷம், இரண்டு தீவுக் கூட்டம், இரண்டு விடை.

இதை வைத்து 1999-ல் இன்னொரு அமெரிக்க முகமை, நச்சுப்பொருள்களுக்கும் நோய்ப் பதிவேட்டுக்குமானது, செஷல்ஸை அடிப்படையாக எடுத்து 0.3 என்றது. ஒரே நாட்டின் இரண்டு முகமைகள், மூன்று மடங்கு வித்தியாசம். தீர்த்துச் சொல்லும்படி அமெரிக்க நாடாளுமன்றம் கேட்டதன் பேரில் தேசிய ஆராய்ச்சிக் குழு உட்கார்ந்து 2000-ல் அறிக்கை கொடுத்தது. ஃபாரோவை எடுத்துக்கொள்ளச் சொன்னார்கள். ஒரு ஆய்வில் தீங்கு தென்படவில்லை என்பதால் இன்னொன்றில் தெளிவாகத் தென்பட்டது இல்லாமல் போய்விடாது, குழந்தையின் மூளை விஷயத்தில் பாதுகாப்பான பக்கம் சாய்வதே முறை. நான் அந்தக் குழுவில் இருந்திருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பேன். இன்னொரு காரணமும் உண்டு, மீனில் இருக்கும் நல்ல கொழுப்பும் மற்ற சத்துகளும் குழந்தையின் மூளைக்கு நல்லது செய்வதால், மீனே அதிகம் தின்னும் ஊரில் பாதரசம் செய்யும் கெடுதலை அந்த நன்மை மறைத்துவிடக்கூடும்.

நியூசிலாந்து ஆய்வைப் பற்றி ஒன்று சொல்லாமல் போக மனமில்லை, ஏனென்றால் இந்த வேலை எவ்வளவு நொய்யானது என்று எனக்குப் புரியவைத்தது அதுதான். இருநூற்றுச் சொச்சம் பிள்ளைகள். அதில் ஒரே ஒரு பிள்ளையின் தாய்க்கு முடியில் பாதரசம் 86 பிபிஎம் (பத்து லட்சத்தில் 86 பங்கு), அடுத்து அதிகம் இருந்தவரைப் போல நாலு மடங்குக்கு மேல். வரைபடத்தில் அந்த ஒரு புள்ளி மட்டும் தன்னந்தனியாக வலது கோடியில் நிற்கிறது. அந்தப் பிள்ளை சோதனைகளில் அவ்வளவு மோசமாகச் செய்யவில்லை. அதனால் அது கோட்டைத் தன் பக்கம் இழுத்துத் தட்டையாக்கிவிடுகிறது. அந்த ஒரு பிள்ளையைச் சேர்த்தால் பெஞ்ச்மார்க் டோஸின் கீழ் எல்லை முடியில் 17 முதல் 24 பிபிஎம். விட்டுவிட்டால் 7.4 முதல் 10. ஒரு பிள்ளை, எண் பாதிக்கும் கீழே! யாரும் பொய் சொல்லவில்லை, யாரும் தரவைத் திருத்தவில்லை. அந்தப் புள்ளியை என்ன செய்வது என்று ஒரு மனிதர் முடிவெடுக்க வேண்டியிருக்கிறது, அவ்வளவுதான்.

ஃபாரோவிலும் அப்படி ஒரு முடிவு இருக்கிறது. கோட்டை நேர்கோடாக வரையலாம், அல்லது ஆரம்பத்தில் செங்குத்தாக ஏறிப் பின்னால் தட்டையாகும் கோடாகவும் வரையலாம். தரவு இரண்டுக்கும் இடம் கொடுக்கிறது. ஆனால் இரண்டாவது வடிவம் சரி என்றால் பாதுகாப்பான அளவு மிகவும் கீழே போய்விடும். குழு நேர்கோட்டை எடுத்தது.

இப்போது உங்கள் 0.1-ஐக் கையால் போட்டுப் பார்க்கலாம், பெருக்கல் வகுத்தல் போதும். பாஸ்டன் நேமிங் டெஸ்ட் என்று ஒரு சோதனை, படத்தைக் காட்டிப் பெயர் சொல்லச் சொல்வது. சாதாரணமாகக் கடைசி 5 சதவீதத்தில் இருக்கும் மதிப்பெண்ணைப் பாதிப்பு என்று வைத்துக்கொண்டார்கள். பாதரசத்தால் அது 10 சதவீதம் ஆகும் இடம் எது? தொப்புள்கொடி ரத்தத்தில் லிட்டருக்கு 85 மைக்ரோகிராம். அதன் கீழ் எல்லை 58. இந்த 58-ஐ நிறையப் பேர் "தீங்கில்லாத அளவு" என்று எழுதுகிறார்கள், அது தவறு. நூற்றில் ஐந்து பிள்ளைகள் கூடுதலாகப் பின்தங்கக்கூடும் என்று ஒப்புக்கொண்ட இடம் அது.

தாயின் ரத்தத்தில் 58 நிற்க வேண்டுமானால் தினம் எவ்வளவு சாப்பிட வேண்டும்? ஐந்து லிட்டர் ரத்தம் என்றால் ரத்தத்தில் மொத்தம் 290 மைக்ரோகிராம். உள்ளே போனதில் 5.9 சதவீதம்தான் ரத்தத்தில் இருக்கும், அப்படியானால் உடம்பு முழுக்க ஏறக்குறைய 4,900. அதில் தினமும் 1.4 சதவீதம் வெளியேறுகிறது, அதாவது சுமார் 69. தொட்டியில் தண்ணீர் மட்டம் மாறாமல் இருக்க வேண்டுமானால் வெளியே போன அளவுக்கு உள்ளே வர வேண்டும். சாப்பிட்டதில் 95 சதவீதம் உறிஞ்சப்படுவதால் 72 மைக்ரோகிராம் சாப்பிட வேண்டும். தாயின் எடை 67 கிலோ என்று எடுத்தார்கள், வகுத்தால் கிலோவுக்குச் சுமார் 1.1. அதை 10-ஆல் வகுத்து, முழுமையாக்கினால் 0.1. முகமை 2001-ல் இதைத்தான் வெளியிட்டது. இராக் ரொட்டியிலிருந்து 1995-ல் வந்ததும் 0.1, திமிங்கில இறைச்சியிலிருந்து 2001-ல் வந்ததும் 0.1. வேறு மக்கள், வேறு தீங்கு, வேறு கணக்கு, ஒரே எண்.

கடைசியில் வகுத்த அந்தப் பத்து என்ன? ஒரே அளவு சாப்பிட்டாலும் ஒருவர் உடம்பு சீக்கிரம் வெளியேற்றும், இன்னொருவருடையது பிடித்து வைத்துக்கொள்ளும், அதற்கு ஒரு மூன்று. ஒரே அளவு ரத்தத்தில் இருந்தாலும் ஒரு குழந்தையின் மூளை அதிகம் பாதிக்கப்படலாம், அதற்கு இன்னொரு மூன்று. சேர்த்துப் பத்து என்று எடுப்பது வழக்கம். கணக்குப் போட்டபோது தாயின் ரத்தமும் தொப்புள்கொடி ரத்தமும் சமம் என்று வைத்தார்கள், உண்மையில் கொடியில் சராசரியாக 1.7 மடங்கு இருக்கிறது என்று பின்னர் தெரிந்தது. எனவே அந்தப் பத்தில் ஒரு பகுதி ஏற்கெனவே செலவாகிவிட்டது என்றே நான் எடுத்துக்கொள்கிறேன்.

உலக சுகாதார நிறுவனமும் உணவு வேளாண் அமைப்பும் சேர்ந்து நடத்தும் நிபுணர் குழு 2003-ல் ஃபாரோவையும் செஷல்ஸையும் சராசரி எடுத்து, 6.4-ஆல் வகுத்து, வாரத்துக்குக் கிலோவுக்கு 1.6 மைக்ரோகிராம் என்றது. நாளுக்கு 0.23. ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2012-ல் வாரத்துக்கு 1.3 என்றது. இத்தனை எண்ணையும் பார்த்து இவர்களுக்கே தெரியவில்லை என்று கைவிட்டுவிடாதீர்கள். எல்லாம் ஒன்றுக்கொன்று மூன்று மடங்குக்குள் அடங்குகின்றன, இந்த வேலையில் அது நல்ல ஒற்றுமை.

எல்லா ரசாயனத்துக்கும் இப்படி ஒரு எண் கிடைக்கும் என்றும் நினைக்க வேண்டாம். அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்கிறோம், மிஞ்சும் இடம் ஒன்று இருக்கிறது என்ற நம்பிக்கை அதற்குள் இருக்கிறது. ஈயத்தில் அந்த இடமே கிடைக்கவில்லை. 1,333 பிள்ளைகளின் தரவை ஒன்றாகச் சேர்த்து 2005-ல் வந்த ஆய்வில், ரத்தத்தில் ஈயம் டெசிலிட்டருக்கு 2.4-லிருந்து 10 மைக்ரோகிராம் ஆகும்போது ஐக்யூ 3.9 புள்ளி இறங்கியது. 10-லிருந்து 20 ஆகும்போது 1.9-தான், 20-லிருந்து 30-க்கு 1.1-தான். முதல் கொஞ்சம்தான் அதிகம் கெடுக்கிறது. அதனால்தான் அந்த நிபுணர் குழு 2010-ல் ஈயத்துக்கு வைத்திருந்த வார வரம்பையே திரும்பப் பெற்றுக்கொண்டது. புற்றுநோய்க்கு இன்னொரு வழி, மரபணுவை நேரடியாகத் தாக்கும் பொருள் என்றால் கோட்டைப் பூஜ்யம் வரை நேராக இழுத்துவிடுவார்கள், கொஞ்சம் போனால் கொஞ்சம் ஆபத்து, இங்கிருந்து பயமில்லை என்ற இடமே கிடையாது.

தாண்டினால் பாதிப்பு நிச்சயமா என்றால், இல்லை. 0.1 என்பது இந்தப் பக்கம் நலம் அந்தப் பக்கம் நோய் என்று கிழித்த கோடு அல்ல. ஆயுசு முழுக்கத் தினமும் இவ்வளவு போனாலும் குறிப்பிடத்தக்க ஆபத்து இருக்காது என்ற மதிப்பீடு, அதுவே முன்பின் பத்து மடங்கு வரை தடுமாறலாம் என்று அவர்களே சொல்கிறார்கள். ஒரு வாரம் 0.15 போனால் ஒன்றும் ஆகாது. மாதக்கணக்கில் 0.5, 1 என்று போனால் இருந்த இடைவெளியைத் தின்றுகொண்டே போகிறோம், அதை நான் லேசாக எடுத்துக்கொள்ள மாட்டேன்.

தங்கைக்கு 60 கிலோ என்று வைத்தால் நாளுக்கு 6 மைக்ரோகிராம், வாரத்துக்கு 42. அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் அங்கே விற்கும் மீன்களில் அளந்ததில், மத்தி வகையில் கிராமுக்குச் சராசரி 0.013 மைக்ரோகிராம், நெத்திலி வகையில் 0.016, சுறாவில் 0.979. அப்படியானால் 42 மைக்ரோகிராம் சேர மத்தி மூன்று கிலோவுக்கு மேல் தின்ன வேண்டும், சுறா 43 கிராம் போதும். நம் கடலில் பிடிக்கும் மீனுக்கு இதே எண்கள் அப்படியே வரும் என்று சொல்ல மாட்டேன், ஆனால் காரணம் எல்லாக் கடலிலும் ஒன்றுதான்: மீனைத் தின்று நீண்ட நாள் வாழும் பெரிய மீனில் பாதரசம் சேர்ந்துகொண்டே போகும், சின்ன மீனில் சேர நேரமே இல்லை.

ஆகவே அவள் வாரம் மூன்று நாள் மீன் சாப்பிடுவது எனக்குக் கவலையாகத் தெரியவில்லை. என்ன மீன் என்று மட்டும் கேளுங்கள். மத்தி, நெத்திலி, காரப்பொடி மாதிரி என்றால் நிம்மதியாகச் சாப்பிடட்டும், குழந்தையின் மூளைக்கு அது வேண்டும். பெரிய சுறா, பெரிய சூரை, மயில்மீன் இவற்றைக் கர்ப்பம் முடியும் வரை தள்ளி வைக்கலாம். பிள்ளை பெற்றவளுக்குப் பால் ஊறட்டும் என்று சுறாப்புட்டு செய்து கொடுக்கும் பழக்கம் உங்கள் வீட்டில் இருந்தால், சின்னச் சுறாவாகப் பார்த்து எப்போதாவது ஒரு முறை என்று வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள், தாய்ப்பாலில் பாதரசம் போவது கருவில் போவதைவிடக் குறைவுதான்.

இதுவரை பெரிய மீன் சாப்பிட்டிருந்தால் என்ன செய்வது என்று அவள் பயப்படலாம். தினமும் 1.4 சதவீதம் வெளியேறுகிறது என்றேன் அல்லவா, அந்தக் கணக்கில் உடம்பில் இருப்பது பாதியாகச் சுமார் 50 நாள். இன்று மாற்றினால் குழந்தை பிறப்பதற்குள் இரண்டு முறை பாதியாகிவிடும். பயந்துபோய் மொத்த மீனையும் நிறுத்திவிட மட்டும் விடாதீர்கள்.